டாஃப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதை

தமிழ் பயிலும் மாணாக்கர் இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆற்றுப்படையும் அகப்பாட்டும் படிப்பார்க்கு நிலக்கரியோடும் இருப்புலையோடும் என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் எம்மை வினவியதும் உண்டு. பழந்தமிழ்ப் புலவர் ஆற்றின் போக்கையும், அதன் கரையில் வாழ்ந்தாரின் தொழிலையும், அது கடலோடு கலக்கும் துறையில் வந்து நின்ற கலங்களையும் ஒருங்கே வைத்துப் பாடினர். மலையினின்று கடலுக்கிறங்கும் ஓர் ஆற்றின் கரையில் மக்கள் என் செய்தனர், என் பெற்றனர், என் இழந்தனர் என்று ஆராய்தல் தமிழ் மாணாக்கர்க்குப் புறம்பான செயலன்று. ஆதலின், வேல்ஸ் நாட்டில் டாஃப் என்னும் சிற்றாற்றின் வழியே இருப்பிற்கும் நிலக்கரிக்குமாக அமைந்த 'டாஃப் வேல்' இருப்புப்பாதையின் வரலாற்றை, யாம் படித்தறிந்த அளவில் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

வேல்ஸ் என்பது பிரித்தானியத் தீவின் மேற்குப்புறத்து மலைநாடு. அதன் தென்பகுதியில் உயர்ந்த குன்றுகளில் தோன்றும் டாஃப் ஆறு, ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே தெற்கு நோக்கி ஓடிக் கார்டிஃப் நகரிற் கடலை அடைகின்றது. அதன் தலைப்பகுதியில் உள்ளது மெர்தர் டிட்வில் என்னும் ஊர். 'மெர்தர்' என்னுஞ் சொல் இரத்தசாட்சியின் நினைவிடத்தைக் குறிப்பதென்பர். ஐந்தாம் நூற்றாண்டில் விசுவாசத்தின்பொருட்டு உயிர் துறந்த டிட்வில் என்னும் அரசிளங்குமரியின் பெயரை அவ்வூர் தாங்கி நிற்பதாகச் செவிவழிச் செய்தி உண்டு. அந்நாட்டு ஊர்ப்பெயர்களைக் காணுந்தோறும் எமக்கு நம் ஊர்ப்பெயர்களே நினைவிற்கு வந்தன. 'அபர்' என்று தொடங்கும் பெயர்கள் அங்கே பல. அச்சொல் ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடோ கடலோடோ கூடுமிடத்தைக் குறிப்பது. நாம் 'கூடல்' என்றும் 'முக்கூடல்' என்றும் வழங்குவதும் அதுவேயன்றோ! நீரை நம்பி வாழ்ந்த மக்கள் நீர் கூடுமிடத்திற்குப் பெயரிடாது விடார் போலும்.

மெர்தரைச் சூழ்ந்த நிலத்தில் இருப்புக்கல்லும், நிலக்கரியும், சுண்ணக்கல்லும், ஓடுநீரும் ஒருசேரக் கிடைத்தன. இந்நான்கும் ஓரிடத்தே வாய்த்தல் அரிது. ஆகவே 1759-இல் தவ்லைஸ் என்னுமிடத்திலும், 1765-இல் கவார்த்வா என்னுமிடத்திலும், இவ்விரண்டையொட்டிப் பிளிமத், பெனிதாரன் என்னும் பெயர்களிலும் பெரிய இருப்புலைகள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தவ்லைஸ் ஆலையில் மட்டும் பதினெட்டு ஊதுலைகள் எரிந்தன. ஏழாயிரவர்க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். உலகிலேயே பெரிய இருப்பாலை என அக்காலத்தார் அதனைப் போற்றினர்.

உருக்கிய இருப்பு மலைமேற் கிடந்தால் யாருக்குப் பயன்? அது கடற்றுறையை அடைதல் வேண்டும். தொடக்கத்தில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கரடுமுரடான பாதையில் அதனைச் சுமந்தன. 1794-இல் மெர்தரிலிருந்து கார்டிஃப் வரை கால்வாய் ஒன்று வெட்டி முடிக்கப்பெற்றது. இருபத்தைந்து மைல் நீளத்தில் ஐந்நூறு அடிக்கு மேற்பட்ட இறக்கம். படகுகளை ஏற்றியிறக்கும் மதகுகள் ஏறத்தாழ ஐம்பது. ஒவ்வொரு மதகிலும் படகு நின்று காத்திருக்க வேண்டும். மேலும், அக்கால்வாயில் கவார்த்வா ஆலையதிபர் ரிச்சர்டு கிராஷேயின் கையே ஓங்கியிருந்தது. மற்ற ஆலையதிபர் இதனைப் பொறாராய், பெனிதாரனிலிருந்து அபர்கனன் வரை ஒன்பதரை மைல் நீளத்தில் வார்ப்பிருப்புத் தகடு பதித்த குதிரைவண்டிப் பாதை ஒன்றை 1802-இல் அமைத்துக்கொண்டனர்.

இப்பாதையிலேதான் உலக வரலாற்றில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ரிச்சர்டு டிரெவிதிக் என்னும் பொறிவல்லுநர் நீராவியால் தானே ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். அது பத்து டன் இருப்பை இழுத்துச் செல்லும் என்று பெனிதாரன் ஆலையதிபர் சாமுவேல் ஹாம்ப்ரே ஐந்நூறு கினி பந்தயம் வைத்தார். செல்லாது என்று எதிர்ப்பந்தயம் வைத்தவர் கிராஷே. 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் அப்பொறி ஐந்து வண்டிகளிற் பத்து டன் இருப்பையும், அவற்றின்மேல் ஏறிக்கொண்ட எழுபதின்மரையும் இழுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒன்பது மைலை 4 மணி 5 நிமிடத்திற் கடந்தது. தண்டவாளத்தின்மேல் நீராவிப்பொறி சுமை இழுத்ததற்கு உலகம் அறிந்த முதற்சான்று இதுவே. ஆயினும் பொறியின் பளுவைத் தாங்காது வார்ப்பிருப்புத் தகடுகள் உடைந்தன. பொறி வென்றது, பாதை தோற்றது. குதிரைகள் மீண்டும் பூட்டப்பெற்றன. முப்பதாண்டுக்கு மேல் அப்பள்ளத்தாக்கு அங்ஙனமே இருந்தது.

அதற்குள் இங்கிலாந்தில் 1825-இலும் 1830-இலும் புகைவண்டிப் பாதைகள் திறக்கப்பெற்று நன்கு நடந்துவந்தன. அதனைக் கண்ட மெர்தர் ஆலையதிபர், இசாம்பார்டு கிங்டம் புரூனெல் என்னும் இளம் பொறிவல்லுநரை அழைத்துப் பள்ளத்தாக்கை அளந்து தரச் செய்தனர். 1836 ஜூன் மாதத்தில் பாராளுமன்றம் 'டாஃப் வேல்' கம்பெனிக்கு இசைவளித்தது. தவ்லைஸ் ஆலையதிபரும் பாராளுமன்ற உறுப்பினருமாகிய ஜோசையா ஜான் கெஸ்டு அதன் முதல் தலைவரானார். புரூனெல் தாம் அமைத்துவந்த கிரேட் வெஸ்டர்ன் பாதைக்கு ஏழடி கால் அங்குல அகலத்தை வற்புறுத்தியவர். எனினும் இப்பள்ளத்தாக்கின் ஒடுக்கத்தையும் வளைவுகளையும் நோக்கி, 4 அடி 8½ அங்குல அகலமே ஈண்டுப் பொருந்துமென்று அவரே கூறினார். தம் கொள்கையினும் நிலத்தின் தன்மையைப் பெரிதாக மதித்த இச்செயலை யாம் மிகவும் விரும்புகின்றோம்.

1840 அக்டோபரில் கார்டிஃப் முதல் அபர்கனன் வரையிலும், 1841 ஏப்ரலில் மெர்தர் வரையிலும் பாதை திறக்கப்பெற்றது. முழு நீளம் ஏறத்தாழ இருபத்துநான்கு மைல். அபர்கனனுக்கு அருகே ஏற்றம் மிகுதியாக இருந்தமையால், அவ்விடத்து வண்டிகளைக் கயிற்றாற் பிணித்து, நிலையாக நிறுத்திய பொறியால் இழுத்தேற்றினர். பல்லாண்டு கழிந்த பின்னரே புகைவண்டிப்பொறி தானே ஏறுமாறு அவ்விடம் திருத்தப்பெற்றது. அதற்கு வடக்கே ஆறு வளைவுகளைக்கொண்ட உயர்ந்த கற்பாலம் ஒன்று டாஃப் ஆற்றை வளைந்து கடக்கின்றது. புரூனெல் கட்டிய அப்பாலத்தின்மேல் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

நிற்க. இப்பாதை இருப்பிற்காகவே பிறந்தது. ஆனால் அதனை வளர்த்தது நிலக்கரி. பாதை திறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1839-இல், பியூட் பிரபு கார்டிஃபில் பெரிய கப்பற்றுறை ஒன்றைத் தம் பொருளாற் கட்டி முடித்திருந்தார். தென் வேல்ஸ் நாட்டு நிலக்கரி புகை குறைந்து வெப்பம் மிகுந்தது. நீராவிக் கப்பல்களுக்கு அதனினுஞ் சிறந்ததில்லை என்று பேர் பெற்றது. பிரித்தானியக் கடற்படை அதனையே விரும்பி வாங்கிற்று. போர்ட் செய்து, ஏடன் முதலிய துறைகளில் அது குவித்து வைக்கப்பெற்றிருந்தது. மேனாட்டினின்று நம் நாட்டிற்கு நீராவிக் கப்பலில் வந்த மிஷனெரிமாரும் வணிகரும் படைஞரும், இப்பள்ளத்தாக்கின் கரி எரிந்த புகையை வழியில் எங்கேனும் சுவாசித்தே வந்திருப்பர்.

டாஃப் ஆற்றின் கிளையாகிய ரோந்தாவின் பள்ளத்தாக்கு, நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரமும் ஆட்டுமந்தையும் நிறைந்த தனியிடமாக இருந்தது. அங்கே வாழ்ந்தோர் இரண்டாயிரவர்க்கு மேற்படார். 1855-இல் அதன் தலைப்பகுதியாகிய டிரெஹர்பர்ட்டிலிருந்து முதற்கரி கார்டிஃபிற்கு அனுப்பப்பெற்றது. அடுத்த ஆண்டே இருப்புப்பாதை அங்குச் சென்றது. 1911-இல் ரோந்தாவின் மக்கட்டொகை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்தைக் கடந்துவிட்டது! 1801-இல் இரண்டாயிரம் மக்களும் இல்லாதிருந்த கார்டிஃப், 1901-இல் ஒரு லட்சத்து அறுபத்துநாலாயிரவர் வாழும் ஊராயிற்று. 1905-இல் மாநகரம் என்னும் பட்டமும் பெற்றது. மலையிற் சுரங்கம், பள்ளத்தாக்கிற் பாதை, கடலிற் கப்பல் என்னும் இம்மூன்றும் ஒரு சங்கிலியின் கரணைகள் போல் இயைந்து நின்றன.

இவ்வரலாற்றைப் படித்துவருங்கால் தமிழ் மாணாக்கராகிய எம் உள்ளத்தைக் கவர்ந்தார் ஒருவர் உளர். அவர் முதல் தலைவர் கெஸ்டுவின் மனைவியார் சார்லட் கெஸ்டு அம்மையார். ஆங்கிலப் பிரபு குடும்பத்திற் பிறந்து தவ்லைஸுக்கு வந்த அவ்வம்மையார், உலைகளின் ஓசைக்கிடையே வேல்ஸ் மொழியைக் கற்றார். அந்நாட்டறிஞர் சிலரின் துணையோடு, ஏட்டிற் கிடந்த இடைக்காலக் கதைகளை மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து 'மாபினோகியன்' என்னும் பெயரால் 1838 முதற்கொண்டு வெளியிட்டார். 1849-இல் அது மூன்று பெருந்தொகுதிகளாக நிறைவெய்திற்று. 1852-இற் கணவர் இறந்தபின் அவரே ஆலையையும் நடத்தினார். பிறமொழியிற் பிறந்து, வந்த நாட்டின் மொழியைத் தம்மொழி போற் கற்று, அதன் செல்வத்தை உலகிற்கு எடுத்துக்காட்டுவோர்க்கு நாம் பெரிதுங் கடமைப்பட்டவர். 1886-இற் குறளை ஆங்கிலமாக்கிய போப்பையரை அறிந்த நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

இசையும் அப்பள்ளத்தாக்கில் மிகுதி. சுரங்கத் தொழிலாளர் கூடிய சிற்றாலயங்கள் பாட்டால் நிறைந்திருந்தன. ஜான் ஹியூஸ் என்பார் பொன்டிப்ரித் என்னுமிடத்தருகே இளமையிற் சுரங்கக் கம்பெனி ஒன்றிற் கணக்கராகவும், பின்னர் இருப்புப்பாதை அலுவலகத்திலும் பணியாற்றியவர். 1907-இல் அவர் ஓர் ஆலயத்திற்கென்று அமைத்த மெட்டே 'கூம் ரோந்தா' என்று உலகெங்கும் வழங்குவது. ரோந்தாப் பள்ளத்தாக்கு என்பதே அப்பெயரின் பொருள். எம் கல்லூரி ஆலயத்தில் ஆங்கில ஆராதனையின்போது அம்மெட்டை யாம் பன்முறை பாடியிருக்கின்றோம்; அது கரிப்புழுதியினூடே பிறந்தது என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம்.

இனி, இக்கம்பெனியின் பெயரைச் சட்டநூல்களில் நிலைக்கச் செய்த செய்திக்கு வருவாம். எம் தாயைப் பெற்ற பாட்டனார் சிறு நிலையம் ஒன்றிற் பாயிண்ட்ஸ்மேனாகப் பணி செய்தவர். பச்சையும் சிவப்பும் கண்ணாடி பதித்த கைவிளக்கை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து வைப்பதை அவர் வழிபாடு போற் செய்வார் என்று அன்னையார் கூறுவர். மாற்றல் என்பது வேலையோடு பிறந்தது என்று அவர் அதனை ஒருபோதும் முறையிட்டதில்லை. ஆயினும் மாற்றல் தாள் வந்த நாளில் வீட்டில் அடுப்பு எரியாதாம்; எம் அன்னையார் பள்ளிப்படிப்பு முடியுமுன் நான்கு பள்ளிகளைக் கண்டார். இதனைக் கேட்டு வளர்ந்தமையால், 1900-ஆம் ஆண்டில் டாஃப் வேல் கம்பெனியில் நடந்ததை வெறுஞ் செய்தியாக எம்மாற் படிக்க இயலவில்லை.

அவ்வாண்டு தென்னாப்பிரிக்கப் போரினால் நிலக்கரியின் விலை ஏறியிருந்தது. தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். ஜான் யூயிங்டன் என்னும் கைகாட்டிக்காரர் பன்முறை கூலி உயர்வு கேட்டவர். அவரைக் கம்பெனியார் வேறு நிலையத்திற்கு மாற்றினர். இது தண்டனையே என்று உடன்பணியாளர் கொண்டனர். ஆகஸ்டு 20-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. மேலாளர் அம்மன் பீஸ்லி வெளியிலிருந்து ஆட்களை வருவித்து வண்டிகளை ஓட்ட முயன்றார். வேலைநிறுத்தம் செய்தார் சிலர் தண்டவாளத்தில் எண்ணெய்ப்பசை பூசினர். வண்டிகளின் இணைப்பைக் கழற்றினர். இச்செயல்களை யாம் பாராட்டோம். உயிர்க்கு இறுதி தரத்தக்கன அவை. பதினொரு நாளிற் சமாதானம் ஏற்பட்டது.

சமாதானத்தின் பின்னரும் கம்பெனியார் வழக்கை விட்டாரல்லர். இருப்புப்பாதை ஊழியர் சங்கம் தமக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும் என்று அவர் வாதித்தனர். தனிமனிதரை யன்றிச் சங்கத்தையே வழக்கிற்கிழுக்கலாமா என்பது கேள்வி. கீழ்மன்றத்து நீதிபதி 'ஆம்' என்றார். மேல்முறையீட்டு மன்றம் 'அன்று' என்றது. 1901 ஜூலை 22-ஆம் நாள் பிரபுக்கள் சபை முன்னைய தீர்ப்பையே நிலைநாட்டிற்று. சங்கம் இருபத்துமூவாயிரம் பவுன் ஈடு செலுத்த நேர்ந்தது; வழக்குச்செலவும் கூட நாற்பத்தீராயிரம் பவுன் ஆயிற்று. நோய்க்கும் முதுமைக்கும் இறுதிச்சடங்கிற்கும் என்று தொழிலாளர் சிறுகச் சேர்த்த பொருள், ஒரு வேலைநிறுத்தத்தால் அழிந்துபோகலாம் என்றானது.

கம்பெனி வென்ற வழக்கு அது. ஆனால் அவ்வெற்றியின் பயனோ வேறு. தம் உரிமையைச் சட்டம் இயற்றுமிடத்திற் கேட்டாலன்றிக் காத்தல் அரிது என்று சங்கங்கள் உணர்ந்தன. 1900 பிப்ரவரியில் தோன்றியிருந்த தொழிலாளர் பிரதிநிதிக் குழுவில் அவை திரள்திரளாகச் சேர்ந்தன. அக்குழுவின் சார்பில் அவ்வாண்டுத் தேர்தலில் வென்றவர் இருவரே. ஒருவர் வழக்கிற்கிழுக்கப்பெற்ற சங்கத்தின் செயலாளர் ரிச்சர்டு பெல். மற்றவர் இப்பாதையின் தலைமுனையாகிய மெர்தரில் வென்ற கெயிர் ஹார்டி. 1906-இலோ இருபத்தொன்பதின்மர் வென்றனர். அவ்வாண்டின் இறுதியிலேயே, வேலைநிறுத்தத்தின் நட்டத்திற்காகச் சங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தலைத் தடுக்குஞ் சட்டம் நிறைவேறிற்று.

இதன் அலை நம் கரையையும் எட்டிற்று. 1918-இல் சென்னையில் பி. பி. வாடியாவைத் தலைவராகக்கொண்டு தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதனை வளர்த்தோருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, அப்பணியை விடுத்துப் பொதுவாழ்விற் புகுந்தவர் அவர் என்பது தமிழ் மாணாக்கர் மனத்திற் கொள்ளத்தக்கது. 1920-இல் நெசவாலைப் பூசலின்போது அச்சங்கத் தலைவர்மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பெற்றுத் தடையுத்தரவும் பிறந்தது. டாஃப் வேல் கதையே மீண்டும் நடந்தாற்போன்றது அது. 1921-இல் என். எம். ஜோஷி சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தின் வழியே, 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. பதிவுற்ற சங்கங்களுக்கு அத்தகைய வழக்கினின்று அது காப்பளித்தது. வேல்ஸ் நாட்டில் ஒரு கைகாட்டிக்காரரின் மாற்றலிலிருந்து எழுந்த கேள்வி, இங்ஙனம் சென்னைத் தறிகளையும் வந்தடைந்தது.

இருப்புப்பாதையின் பிற்காலத்தைச் சுருங்கச் சொல்வாம். மெர்தரின் இருப்புக்கல் தீர, ஸ்பெயின் முதலிய நாடுகளினின்று கப்பலிற் கல் வந்தது. கடற்கரையிலிருந்து மலைக்குக் கல்லை ஏற்றுதல் வீண்செலவாகவே, தவ்லைஸ் கம்பெனி 1891-இற் கார்டிஃபிலேயே உலை அமைத்தது. 1930-இல் தவ்லைஸின் ஊதுலைகள் அவிந்தன. கரி வணிகத்திலும் போட்டி எழுந்தது: சுரங்க அதிபர் சிலர் 1889-இற் பாரி என்னுமிடத்திற் புதுத்துறையும் பாதையும் அமைத்துப் பெரும்பங்கைக் கவர்ந்துகொண்டனர். 1922-இல் டாஃப் வேல் கம்பெனி கிரேட் வெஸ்டர்னுள் அடங்கிற்று. 1948-இல் அதுவும் அரசின் உடைமையாயிற்று. கார்டிஃபினின்று கரி ஏற்றுமதி 1964-இல் நின்றது.

கரி போயினும் அதன் கழிவு போகவில்லை. 1966 அக்டோபர் 21-ஆம் நாள் காலையில், மெர்தருக்குச் சற்றுத் தெற்கே அபர்வான் என்னும் ஊரில், மலைமேற் குவித்திருந்த சுரங்கக்கழிவு மழைநீரிற் கரைந்து சரிந்து, பள்ளியொன்றை மூடிற்று. மாண்டவர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர் சிறுமியர். தந்தையர் தாம் வெட்டி ஏற்றிய கழிவைத் தம் கைகளாலேயே தோண்டித் தம் மக்களைத் தேடினர். இதனைப் படித்தபின் நூலை மூடிவைத்து யாம் நெடுநேரம் வாளா இருந்தோம். இருப்பின் எடை, கரியின் எடை, வண்டியின் எடை ஆகிய யாவற்றையும் கம்பெனிக் கணக்கேடுகள் குறித்து வைத்துள்ளன. இவ்வெடையை எழுதுவார் யார்?

1990-இல் ரோந்தாவின் இறுதிச் சுரங்கமும் மூடப்பெற்றது. எனினும் பாதை அழிந்திலது. மெர்தர், அபர்டேர், டிரெஹர்பர்ட் என்னும் மூன்று முனைகளிலிருந்தும் கார்டிஃபிற்கு வண்டிகள் ஓடுகின்றன. 2024 முதல் மின்னாற்றல் கொண்ட புதிய வண்டிகளும் விடப்பெற்றுள்ளன. அவை ஏற்றிச் செல்வது கரியன்று. கல்லூரிக்குச் செல்லும் மாணாக்கரும், அலுவலுக்குச் செல்லும் ஆடவரும் மகளிருமே இன்று அவற்றின் சுமை.

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் நாள்தோறும் புகைவண்டியில் வந்து செல்பவர். அவர் ஏறும் நிலையத்திற்கும் ஒரு வரலாறு இருக்கும். அதனை எழுதுவார் இன்மையின் அது மறைந்துகொண்டே வருகின்றது. பணி ஓய்வு பெற்ற முதியோர் இன்னும் பலர் உளர். அவர் விளக்கைத் துடைத்தவாறும், மழையிரவில் வண்டியைக் காத்து நின்றவாறும், மாற்றல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவாறும் கேட்டால் சொல்வர். எம் பாட்டனாரைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதத் தொடங்கியுள்ளோம்; அவர் நினைவில் நிற்கும் நிலையங்கள் இதுவரை பதினொன்று. தோழரும் தத்தம் ஊரில் இப்பணியை மேற்கொள்வாராயின், அடுத்த ஆண்டு மலரில் அவற்றையெல்லாம் ஒருங்கு படிக்கும் பேறு நமக்குக் கிட்டும்.